சர்ச்சுக்குப் பின்னால் நின்ற வேன்

ஆகஸ்ட் கடைசியில், பள்ளிக்கூடம் திறக்கப்போகிற வாரத்தில், ஹெய்டி தன் அம்மா மார்லிஸிடம் அதை ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னாள்.

"இந்த வருஷத்துலேர்ந்து நீ பசங்களைக் கூட்டிட்டு வரப் போக வேணாம்மா. எதிர்வீட்டு டாரா தன் பொண்ணோட சேர்த்து இவங்களையும் கூட்டிட்டுப் போயிடறேன்னு சொல்லிட்டா. நீ நிம்மதியா ஓய்வெடு."

மார்லிஸ் பாத்திரம் கழுவும் மெஷினிலிருந்து தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"ஒரு சிரமமும் இல்லையாம். எப்படியும் அந்த வழியாத்தானே போறா."

"அப்ப சரி," என்றாள் மார்லிஸ். வேறு என்ன சொல்வது? தட்டுகளை அலமாரியில் வைத்துவிட்டுப் படியிறங்கித் தன் அறைக்குப் போனாள்.

அவள் அறை வீட்டின் அடித்தளத்தில் இருந்தது. தனிக் குளியலறை, பின்பக்கமாக வெளியே போக ஒரு கதவு, தரைமட்டத்தில் ஒரு நீள ஜன்னல். அந்த ஜன்னலில் குளிர்காலத்தில் பனியும் மற்ற நாட்களில் நடப்பவர்களின் கால்களும் தெரியும். கணவன் வெர்ன் இறந்த மறு வருஷம், பேரன் ஆஸ்கர் கைக்குழந்தையாக இருந்தபோது, "வந்துடும்மா, என்னால தனியா முடியல" என்று ஹெய்டி போனில் அழுதாள். மார்லிஸ் வீட்டை விற்றுவிட்டு, மகள் குடும்பம் இருந்த ஹெர்மன்டவுனுக்கு வந்து சேர்ந்தாள். பால் புட்டி, டயப்பர், காய்ச்சல், பல் விழுவது, ஹாக்கி மட்டைக்கு டேப் சுற்றுவது என்று ஒன்று விடாமல் எல்லாம் அவள் கைப்பட நடந்தது. இப்போது ஆஸ்கருக்குப் பத்து வயது. அவன் அக்கா பிரின்னுக்குப் பதிமூன்று. தெருவில் பாட்டியோடு நடந்து வருவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அந்தப் பெண் நாலடி பின்தங்கி வர ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது.

மகள் வீட்டுக்கு வருவதற்கு முன்பு மார்லிஸ் ஸ்கூல் பஸ் ஓட்டினாள். ஏறக்குறைய முப்பது வருஷம். விடிவதற்கு முன்பே எழுந்து, உறைந்த எஞ்சினைச் சூடாக்கி, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் கொட்டிவிட்டு வருகிற வேலை. கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் போதும், கடைசி வரிசையில் அடித்துக்கொள்கிற பயல்கள் பொம்மைபோல உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஓய்வெடு என்று சொன்னால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. பள்ளி திறந்த முதல் நாள் மூன்று மணிக்குத் தன்னையறியாமல் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள். பிறகு, தபால் வந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவள்போலப் பெட்டியைத் திறந்து மூடினாள்.

அந்த வாரம்தான் வேனைப் பார்த்தாள். மளிகை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், ஒரு வீட்டு முன் புல்தரையில், விற்பனைக்கு என்று எழுதிய அட்டையோடு நின்றது. வெள்ளை நிறம். உள்ளே நிமிர்ந்து நிற்க வசதியாகக் கூரை உயர்த்தியிருந்தது. முழங்கால் வலி வந்து இனிமேல் முடியாது என்று முடிவுக்கு வந்துவிட்ட ஒரு பழைய வாத்தியாரும் அவர் மனைவியும் அதை விற்றார்கள். உள்ளே இரண்டு பர்னர் அடுப்பு, கைக்கடக்கமான ஒரு சிங்க், முட்டியளவு ஃபிரிட்ஜ். நாலு பேர் உட்காரும் மேஜையை இறக்கிப் பலகையை விரித்தால் படுக்கையாகிவிடும். மேலே கூரையடியில் பிள்ளைகள் படுக்க ஒரு பரண்.

"ஓட்டிப் பாக்கறீங்களா? கொஞ்சம் பெரிய வண்டி," என்றார் வாத்தியார் தயங்கியபடி.

மார்லிஸ் ஏறி உட்கார்ந்து, தெருமுனை வரை போய், அந்தக் குறுகலான சந்தில் ஒரே வீச்சில் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினாள். வாத்தியார் மனைவி கைதட்டினாள். வெகுநாள் கழித்து ஒருவர் தன் திறமையைப் பார்த்துக் கைதட்டியதில் மார்லிஸுக்குக் காது வரை சிவந்துவிட்டது. வாரம் முடிவதற்குள் வேன் அவளுடையதாகிவிட்டது.

இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னபோது மருமகன் கர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னது, வேனா? அத்தை, இந்த வயசுல ஹிப்பி ஆயிட்டீங்களா? அடுத்து என்ன, தலைல பூவா?"

"பாட்டி பச்சை குத்திக்கப் போறாங்க," என்றான் ஆஸ்கர். எல்லாரும் சிரித்தார்கள். மார்லிஸும் சிரித்தாள்.

ஹெய்டி மட்டும் நெற்றியைச் சுருக்கினாள். "எங்கம்மா நிறுத்தப்போற? நம்ம வாசல்ல நிறுத்தினா குடியிருப்புச் சங்கத்துக்காரங்க மறுநாளே வந்து நிப்பாங்க. குப்பைத்தொட்டியை ஒரு நாள் கூடுதலா வெளிய வெச்சதுக்கே அந்தப் பேச்சு பேசினாங்க."

"பாஸ்டர்கிட்ட கேட்டுட்டேன். சர்ச்சுக்குப் பின்னாடி நிறுத்திக்கச் சொல்லிட்டாரு."

"ஓ, எல்லாம் முடிச்சுட்டுத்தான் சொல்றியா?"

"செப்டம்பர் கடைசில, மூணாவது வாரம் முடிஞ்சு, நாம எல்லாரும் ஏரிக்கரைக்குப் போலாம்," என்றாள் மார்லிஸ். இதைச் சொல்லத்தான் அவள் மூன்று நாளாகக் காத்திருந்தாள். "வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயித்துக்கிழமை வந்துடலாம். பசங்க பரண்ல படுத்துக்கலாம். நீங்க ரெண்டு பேரும் கூடாரம் போட்டுக்கலாம்."

"சூப்பர்," என்றான் கர்ட். "போலாமே," என்றாள் ஹெய்டி. "அங்க நெட் வருமா?" என்று கேட்டாள் பிரின். வரும் என்றுதான் நினைக்கிறேன் என்று மார்லிஸ் சொன்னதும், சரி என்று தோளைக் குலுக்கினாள்.

அதன் பிறகு தினமும் மதியம் மார்லிஸ் சர்ச்சுக்கு நடந்தாள். வேன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவாள். பழைய திரைகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகத் தைத்து மாட்டினாள். கோப்பைகளுக்குக் கொக்கி அடித்தாள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தூங்கும் பை வாங்கிப் பரணில் விரித்தாள். காப்பி போட்டுக்கொண்டு மேஜையருகில் உட்கார்ந்து, வெளியே சர்ச்சின் செங்கல் சுவரையும் குப்பைத்தொட்டியையும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஹெய்டி வீட்டில் அவள் ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்தால்கூட மறுநாள் அது பழைய இடத்துக்குப் போய்விடும். இங்கே அவள் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. அதுவே பெரிய ஆறுதல். ஆனாலும் எத்தனை முறை ஒட்டடை அடிப்பது? நாலு மணியானால் பூட்டிவிட்டுத் திரும்புவாள்.

குடும்பத்தோடு போவதாக இருந்த பயணம், யாரும் வேண்டாம் என்று சொல்லாமலே கரைந்தது. முதலில் ஆஸ்கரின் ஹாக்கி அணித் தேர்வு அந்தச் சனிக்கிழமை என்று தெரிந்தது. "நான் இவனைப் பாத்துக்கறேன், மத்தவங்க போயிட்டு வாங்க," என்று மார்லிஸிடம் சொன்னான் கர்ட். இரண்டு நாள் கழித்துப் பிரின் வந்து, "பாட்டி, லைலாவோட பர்த்டே பாட்டி, அதாவது பார்ட்டி," என்று சொல்லிவிட்டுத் தன் நாக்குப் பிசகுக்குத் தானே சிரித்தாள். "நான் போகலைன்னா அவ என்னோட பேசவே மாட்டா. நீங்க அம்மாவோட போங்களேன்." கடைசியில் ஹெய்டி. அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் அவளுக்கு மேலே இருந்தவள் திடீரென்று லீவு போட்டுவிட்டாள். சனிக்கிழமை கதவைத் திறக்க ஆள் இல்லை. இதை அவள் மாடிப்படியில் நின்றுகொண்டு, ஒரு காதணியைப் போட்டபடி, பாதி தன்னிடமும் பாதி அம்மாவிடமுமாகச் சொன்னாள்.

"நீ கர்ட்டோட போறதானே?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் காருக்கு ஓடினாள்.

ஆளாளுக்கு வேறு யாரோ போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு அப்படி ஒரு பயணம் இருந்ததையே மறந்துவிட்டார்கள். மார்லிஸ் நினைவுபடுத்தியிருக்கலாம். இரண்டு முறை வாயைத் திறக்கப் பார்த்தாள். கெஞ்சுவதுபோல ஆகிவிடும் என்று வந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள். முகாமில் இடம் பதிவு செய்தாகிவிட்டது, ஃபிரிட்ஜில் சாமான் அடுக்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம், எல்லாருக்குமாக உருளைக்கிழங்கும் கறியும் போட்ட ஹாட்டிஷ் ஒரு தட்டு நிறையச் செய்து, ஓவனில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளும்படி அடுப்பு மேல் மூடி வைத்துவிட்டு, அடித்தளத்துப் பின்கதவு வழியாக வெளியேறினாள். சொல்லிக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை.

டுலூத்தைத் தாண்டியதும் ஏரி வலதுபக்கம் வந்து சேர்ந்துகொண்டது. சுப்பீரியர் ஏரியை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். இருந்தாலும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து, பின்னால் ஒரு பிள்ளையின் கூச்சல்கூட இல்லாமல் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பழக்கதோஷத்தில் அவ்வப்போது மேல் கண்ணாடியைப் பார்த்தாள். திரையும் பரணும் தெரிந்தன.

சில்வர் பே என்ற ஊரைத் தாண்டி ஒரு முகாம். மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. பக்கத்து இடத்தில் பஸ் அளவுக்கு ஒரு பெரிய மோட்டார் வீடு நின்றது. அதிலிருந்து இறங்கி வந்தவள் பெயர் லவோன். மார்லிஸைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். கையில் நாயை இடுக்கிக்கொண்டு, மார்லிஸ் வண்டியைப் பின்னால் எடுத்து மரங்களுக்கு நடுவே நிறுத்துவதை ஒரு நிபுணரைப்போல மேற்பார்வை பார்த்தாள்.

"அடேயப்பா, எங்க வீட்டுக்காரர் இந்த மாதிரி நிறுத்தணும்னா முக்கால் மணி நேரம் நான் கையாட்டணும். அப்புறம் ரெண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. புது வண்டியா?"

"எனக்குப் புதுசு."

"தனியாவா வந்திருக்கீங்க?"

மார்லிஸ் ஒரு கணம் மின்சார வயரைச் சுருள் பிரித்தாள். "இல்ல. பொண்ணும் பேரப் பசங்களும் நாளைக்கு வராங்க."

பொய் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டதில் அவளுக்கே ஆச்சரியம்.

"அப்ப நாளைக்கு நெருப்பு மூட்டி மார்ஷ்மெல்லோ சுட்டுத் தரேன் பசங்களுக்கு. என்கிட்ட நீளக் கம்பி இருக்கு," என்று லவோன் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இருட்டுகிற வேளையில் போன் அடித்தது. ஹெய்டி. அந்த வீட்டில் மாடிக்கும் அடித்தளத்துக்கும் நடுவே போன்தான் படிக்கட்டு. யாருக்கும் இறங்கி வர நேரமில்லை. மார்லிஸ் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா, ஸ்லோ குக்கர் மூடி எங்க வெச்ச?"

மார்லிஸ் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "கீழ் அலமாரில. பெரிய வாணலிக்குப் பின்னாடி."

"பாத்துட்டேன், அங்க இல்லையே."

"குனிஞ்சு பாரு. நின்னுக்கிட்டே பாத்தா எப்படித் தெரியும்?"

பாத்திரங்கள் உருளும் சத்தம். "ஆங், கிடைச்சுது. நீ தெய்வம்மா. நாளைக்கு ஆஸ்கரோட தேர்வுக்கு வர பசங்களுக்குக் கறி உருண்டை பண்ணித் தரேன்னு ஒத்துக்கிட்டுத் தொலைச்சேன். ஆமா, என்ன அங்க சத்தம்? டிவி போட்டிருக்கியா?"

ஏரி பாறையில் மோதிக்கொண்டிருந்தது.

"காத்தடிக்குது," என்றாள் மார்லிஸ்.

"காத்தா? இங்க ஒண்ணும் காணோமே. சரி, அடுப்புல இருக்கு, நான் வெக்கறேன். குட்நைட்மா. ஹாட்டிஷ் நல்லா இருந்துச்சு."

போன் அணைந்த பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி கூப்பிட்டு, 'நான் அங்க இல்லடி' என்று சொல்லலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் அவளுக்குள் ஏதோ ஒன்று பிடிவாதமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. எப்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள், பார்க்கலாம்.

சனிக்கிழமை காலையில் யாரும் கூப்பிடவில்லை. மதியமும் கூப்பிடவில்லை. மூடுபனி இறங்கி ஏரியை மறைத்துவிட்டது. அலை மட்டும் கேட்டது. மார்லிஸ் கரையில் நடந்தாள். திரும்பி வந்து, பழகிய கை அளவில் பெரிய பானை நிறைய பீன்ஸும் கறியும் போட்டுச் சில்லி சமைத்தாள். கிளறும்போதுதான் எத்தனை பேருக்குச் சமைக்கிறோம் என்று உறைத்தது.

"வந்துட்டாங்களா?" என்று லவோன் கம்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"சாயங்காலம் ஆகுமாம்."

சாயங்காலம் ஆனது. லவோனும் கணவரும் நெருப்பு மூட்டி நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். அதில் நாலு நாற்காலி காலி. மார்லிஸ் புதுத் திரைகளை இழுத்துவிட்டு, விளக்கைப் போடாமல், தனியாக இருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தன் சொந்த வண்டிக்குள் ஒளிந்துகொண்டு சில்லி சாப்பிட்டாள். கரண்டி தட்டில் படும் சத்தம்கூட வெளியே கேட்குமோ என்றிருந்தது. அடித்தளத்து அறையில் தனிமை பழகிவிட்டிருந்தது. தலைக்கு மேலே காலடிச் சத்தம் இருக்கும், குழாய் ஓடும், யாராவது கதவை அறைந்து சாத்துவார்கள். இங்கே அதுவும் இல்லை. என்ன காரியம் செய்துவிட்டோம் என்று முதல் முறையாகத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் போன் அடித்தது.

"அம்மா! எங்க இருக்க நீ?" ஹெய்டியின் குரல் கிழிந்திருந்தது.

"ஏரிக்கரைல. சில்வர் பே தாண்டி."

"எப்போ போன?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை நான் உன்கிட்ட பேசினேனே!"

"பேசின. மூடி கேட்ட."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீ கேக்கல."

"இது என்ன பேச்சும்மா? சர்ச் வாசல்ல வெச்சு, அத்தனை பேர் முன்னாடி, பாஸ்டர் வந்து 'உங்கம்மா டிரிப் எப்படிப் போகுது, வெள்ளிக்கிழமையே வேன் கிளம்பிடுச்சே'ன்னு கேக்கறாரு. நான் பேந்தப் பேந்த முழிக்கறேன். வீட்டுக்கு வந்து பாத்தா படுக்கை போட்டது போட்டபடி இருக்கு. எனக்கு எப்படி இருக்கும்?"

"உனக்கு இப்போ கோபம் நான் போனதுக்கா, பாஸ்டர் கேட்டதுக்கா?"

ஹெய்டி போனை வைத்துவிட்டாள்.

மார்லிஸ் மகளை அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தாள். கேட்டதும் நல்லதுதான் என்றும் நினைத்தாள். காப்பி போட்டாள், குடிக்கவில்லை.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். சரளைக் கல்லில் கார் வரும் சத்தம். ஹெய்டி சர்ச்சுக்குப் போட்ட உடையோடு, மேலே கர்ட்டின் வேட்டை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவள் வாயைத் திறப்பதற்குள், நாயும் கையுமாக லவோன் குறுக்கே வந்துவிட்டாள்.

"நீதானா பொண்ணு! நேத்தே வருவீங்கன்னு உங்கம்மா வழி மேல விழி வெச்சுக் காத்திருந்தாங்களே. பசங்க எங்க?"

ஹெய்டி அம்மாவைப் பார்த்தாள். மார்லிஸ் வேனின் படியில் நின்றபடி தரையைப் பார்த்தாள். பஸ்ஸில் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பயல்கள் அப்படித்தான் நிற்பார்கள். ஹெய்டி முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சின்னவனுக்குக் காய்ச்சல்," என்றாள் ஹெய்டி. "அதான் வர முடியல. அம்மாவை ரொம்பக் காக்க வெச்சுட்டோம்."

"அடப் பாவமே," என்று லவோன் உச்சுக்கொட்டிவிட்டுப் போனாள்.

உள்ளே வந்து இருவரும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஹெய்டி திரையைத் தொட்டுப் பார்த்தாள். பரணை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு தூங்கும் பைகளும் சுருக்கமில்லாமல் விரித்திருந்தன.

"நாம எல்லாரும் வரதா இருந்தோம்ல?"

"இருந்தோம்."

"கர்ட் வராருன்னு நான் நினைச்சேன்."

"நீ வரேன்னு அவன் நினைச்சான்."

"எனக்கு ஒருதடவை சொல்லியிருக்கக் கூடாதா? நினைவுபடுத்தியிருந்தா..."

"நினைவுபடுத்திக் கூட்டிட்டு வந்தா அது உங்க கிளினிக்லேர்ந்து போன் வந்து பல் டாக்டர்கிட்ட வரது மாதிரிடி."

ஹெய்டி சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறி, அவளே அதைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஓய்வெடுன்னு சொன்னது உன்னை ஒதுக்கறதுக்கு இல்லம்மா. உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்."

"தெரியும். ஆனா நாள் பூரா ஓய்வெடுத்தா சாயங்காலத்துக்குள்ள களைச்சுப் போயிடுது."

"பசிக்குது," என்றாள் ஹெய்டி. மார்லிஸ் சில்லியைச் சூடாக்கினாள். ஹெய்டி பானையைப் பார்த்தாள், எத்தனை பேருக்குச் சமைத்தாய் என்று கேட்கவில்லை. இரண்டு தட்டு சாப்பிட்டாள். பிறகு, "அஞ்சு நிமிஷம் சாஞ்சுக்கறேன்," என்று மேஜையை இறக்கிவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்தவள், அப்படியே அடித்துப் போட்டதுபோலத் தூங்கிவிட்டாள்.

மார்லிஸ் அவள் ஷூவைக் கழற்றினாள். தூங்கும் பை ஒன்றை எடுத்துப் போர்த்தினாள். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது, தலையில் நரை தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த நரையை எப்படிப் பார்க்காமல் இருந்தோம்? இவள் கடைசியாக எப்போது பகலில் படுத்தாள்? அதைத் தானும்தான் கேட்டதில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளோடு பேச எவ்வளவோ இருந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூடுபனி விலகி ஏரி தெரிந்தது. குளிரில் மூக்கு வழிந்தது. அவள் அசையவில்லை.

ஹெய்டி எழுந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பதறிப்போய்க் கார் சாவியைத் தேடினாள்.

"ஏம்மா எழுப்பல? காலைல பசங்களுக்கு ஸ்கூல். கிளம்பு, ஒண்ணாப் போயிடலாம்."

"நான் புதன்கிழமை வரேன்."

"இங்க தனியா உக்காந்து என்ன பண்ணுவ?"

"தெரியல. பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்."

ஹெய்டி அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கார் விளக்குகள் மரங்களுக்குள் போய் மறைந்தன.

திங்கட்கிழமை காலை லவோனும் கிளம்பிவிட்டாள். முகாமே காலியானது. அந்த இரண்டு நாளும் நன்றாக இருந்தன என்று மார்லிஸ் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள். உண்மை அதுவல்ல. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முகாம் காவலர் வந்து விறகு வேண்டுமா என்று கேட்டபோது, 'வேண்டாம், நன்றி' என்று சொன்ன குரல் கரகரத்தது. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். திங்கட்கிழமையே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். புதன் என்று சொல்லிவிட்டோமே என்ற வீம்புதான் அவளைப் பிடித்து உட்கார வைத்தது. ஆனால் செவ்வாய் இரவு திரையை இழுக்கவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு தட்டு வைத்து, மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

புதன்கிழமை வேனைச் சர்ச்சில் விட்டுவிட்டு வீடு வந்தாள். கர்ட் கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வந்து, தலையைச் சொறிந்தான். "அத்தை, வேன் டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாத்துடறேன். சாவி குடுங்க." அவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த விதம் அது. மார்லிஸ் சாவியைக் கொடுத்தாள். ஆஸ்கர் ஜெர்சியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "பாட்டி, நான் செலக்ட் ஆயிட்டேன், இதுல பேர் தைக்கணும்!" பிரின் மட்டும் அடித்தளத்துக்கு இறங்கி வந்து, கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள்.

"அங்க தனியா பயமா இல்லையா பாட்டி?"

"பயமில்ல. பேச ஆள் இல்ல, அவ்வளவுதான்."

பிரின் ஏதோ சொல்ல வந்தாள். கையிலிருந்த போன் முனகியது. எடுத்துப் பார்த்துக்கொண்டே படியேறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மார்லிஸ் வாரம் பத்து நாளுக்கொருமுறை கிளம்பினாள். சொல்லிக்கொண்டுதான் போனாள். அடுத்த பயணத்தில் ஹெய்டி தினமும் சாயங்காலம் கூப்பிட்டாள். அதற்கடுத்ததில் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு ஹாக்கிப் பருவம் சூடுபிடித்துவிட்டது, 'சாரிம்மா, மறந்தே போச்சு' என்று காலையில் செய்தி வரும். அவள் பொய் சொல்லவில்லை என்று மார்லிஸுக்குத் தெரியும். அந்த வீட்டில் சாயங்காலம் என்பது எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? யார் கூப்பிடுவார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதை விட்டுவிட்டு, அவளே கூப்பிட ஆரம்பித்தாள்.

அக்டோபர் கடைசியில், பனி விழுமுன் அந்த வருஷத்தின் கடைசிப் பயணமாக, அதே ஏரியின் விஸ்கான்சின் பக்கத்துக் கரைக்குப் போயிருந்தாள். முகாமில் வேறு வண்டியே இல்லை. சூப்பைச் சூடாக்கிவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள். ஆஸ்கர் எடுத்தான்.

"பாட்டி! இன்னைக்கு ரெண்டு கோல்! ஒண்ணு கம்பத்துல பட்டு உள்ள போச்சு!"

"கம்பத்துல பட்டதுக்கு அரை மார்க்குத்தான்."

"ஐயோ, அப்படியெல்லாம் கிடையாது பாட்டி! இருங்க, அம்மாவைக் கூப்பிடறேன். அம்மா! பாட்டி போன்ல!"

போன் எதன் மேலோ வைக்கப்படும் சத்தம். அவ்வளவுதான், பயல் மறந்துவிட்டான். மார்லிஸ் 'ஹலோ' என்றாள். பதில் இல்லை. நாற்காலிகள் இழுபட்டன. யாரோ தட்டுகளை வைத்தார்கள். உப்பு எங்கே என்று கர்ட் கேட்டான். பிரின் எதற்கோ மாட்டேன் என்றாள். "கையைக் கழுவினியா, காட்டு," என்று ஹெய்டி அதட்டினாள். அதட்டலில் தன் குரலே கேட்பதுபோல இருந்தது மார்லிஸுக்கு.

இன்னொரு முறை சத்தமாக ஹலோ சொல்லியிருந்தால் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவள் சொல்லவில்லை. போனை மேஜை மேல் வைத்தாள். சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவர்கள் பேசப் பேச, மெதுவாகச் சாப்பிட்டாள்.